மூன்றில் ஒரு பட்டை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். காரணம் இருந்தால் வருகிறது, அவ்வளவுதான். ஒரு தலைமுடியின் கனத்தை ஆயிரம் கூறு போட்டு, அதில் ஒரு கூறு கூடினாலும் கண்டுபிடிக்கிற வேலை எனக்கு. அப்படிப்பட்டவள் முன்னால் வந்து நின்று, “பரவால்ல, கிட்டத்தட்ட சரியாத்தான் இருக்கு” என்று ஒருவர் சொன்னால் கோபம் வராமல் வேறு என்ன வரும்?

அன்றைக்குக் கோபம் என் நாத்தனார் மேல். அவளும் நானும் ஒரே பட்டறையில் வேலை செய்கிறோம். அவள் கண்ணாடிக்கு மெருகு ஏற்றுகிறவள், நான் அதை அளந்து குறை சொல்கிறவள். வீட்டிலும் ஒரே அடுப்படி. நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர் என் வீட்டுக்காரர், அதாவது அவளுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். எங்கள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், எங்கேயோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டதாகச் சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நாங்கள் சண்டை போடுகிற நாட்களில் மட்டும் அத்தனை லிஃப்ட் எப்படிப் பழுதாகிறது என்று நான் கேட்டதில்லை. பாவம், பிழைத்துப் போகட்டும்.

பட்டறையின் முன்கூடத்தில் சின்ன மெஷின்கள் வரிசையாக நிற்கும். மூக்குக் கண்ணாடிக்கான லென்சுகள் அங்கே தயாராகும். பின்னால் தனி அறையில் பெரிய மெஷின் ஒன்று, தட்டைக் கண்ணாடிகளுக்காக. அதற்கும் பின்னால், ஜன்னலே இல்லாமல், இரட்டைக் கதவு போட்டது என்னுடைய அறை. அதில் ஒரு கல்மேடை, ஒரு சோடியம் விளக்கு, நான், அப்புறம் மகாராணி.

மகாராணி என்பது ஒரு கண்ணாடித் தட்டு. சாப்பிடுகிற தட்டின் அகலம், மூன்று விரல் கனம். எங்கள் பட்டறையில் எது தட்டை, எது தட்டையில்லை என்று தீர்ப்புச் சொல்கிறவள் அவள்தான். புதிதாக மெருகிட்ட கண்ணாடியைத் துடைத்து, அவள் மேல் வைத்து, விளக்கைப் போட்டுப் பார்ப்பேன். விஷயம் இதுதான்: இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் மெல்லிய காற்று நிற்கும். மேலேயிருந்து விழுகிற மஞ்சள் வெளிச்சத்தில் கொஞ்சம், மேல் கண்ணாடியின் அடிமுகத்தில் பட்டுத் திரும்பும். இன்னும் கொஞ்சம் காற்றைத் தாண்டிப் போய், கீழ்க் கண்ணாடியின் முகத்தில் பட்டுத் திரும்பும். வெளிச்சம் அலை. இரண்டாவது அலை சற்று அதிக தூரம் போய்விட்டு வருவதால் முதல் அலையோடு சேர்ந்து வராது. ஊஞ்சலில் ஒருத்தரை உட்காரவைத்து இரண்டு பேர் தள்ளிப் பாருங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தள்ளினால் ஊஞ்சல் பறக்கும். ஒருவர் தள்ளும்போது இன்னொருவர் எதிரே நின்று தள்ளினால் அப்படியே நின்றுபோகும். அலைகளும் அப்படித்தான். ஒத்துப்போகிற இடத்தில் வெளிச்சம், ஒன்றையொன்று அழித்துக்கொள்கிற இடத்தில் இருட்டு. கண்ணாடி முழுக்க மஞ்சளும் கறுப்புமாகக் கோடுகள் விழும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதற்குக் குறுக்கீட்டு விளைவு என்று பெயர். நாங்கள் பட்டை என்கிறோம்.

இரண்டு கண்ணாடியும் தட்டையாக இருந்தால் பட்டைகள் கோடு போட்ட நோட்டு மாதிரி நேராக ஓடும். மேடோ பள்ளமோ இருந்தால் வளையும். ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் இடையில் இருக்கிற தூரத்தில் எத்தனை பங்கு வளைந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். கால்வாசி வரைக்கும் வளைந்தால் வாங்குகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் திரும்பி வரும். இவ்வளவுதான் சட்டம்.

மகாராணியை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது நான் போட்ட சட்டம். மெருகிடுகிறவர்கள் கண்ணாடியில் வேலை செய்துகொண்டே நடுநடுவே அது தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மெருகுப் பவுடர் படிந்த கையோடு என் அறைக்குள் வந்து அவளைத் தடவிக்கொண்டிருந்தால் அவள் கதி என்ன ஆவது? அதனால் அவளுக்குப் பொருந்துகிற மாதிரி இன்னொரு தட்டைச் செய்யச் சொல்லி வெளியே வைத்திருந்தேன். அது இளவரசி. பெரிய மெஷின் அறையில் எல்லோரும் இளவரசியை வைத்துச் சரிபார்ப்பார்கள். கடைசித் தீர்ப்பு மட்டும் மகாராணியிடம், என் முன்னால். இந்த ஏற்பாட்டில் எனக்கு உள்ளூர ஒரு பெருமையும் உண்டு.

பெரிய மெஷினில் வேலை செய்துகொண்டிருந்தவர் வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த மெஷின் மேல் என் நாத்தனாருக்கு ரொம்ப நாளாக ஒரு கண். வருஷக்கணக்காக மூக்குக் கண்ணாடி லென்சு தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போயிருந்தாள். தூக்கத்தில்கூட விரல்கள் வட்டம் போடுகிறது என்பாள். முதலாளியிடம் போய்த் தைரியமாகக் கேட்டும் விட்டாள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். மகாராணி அகலத்துக்கு ஒரே ஒரு பெரிய தட்டு செய்து காட்டு, வாங்குகிற கம்பெனி அதை எடுத்துக்கொண்டால் மெஷின் உனக்கு, இல்லையென்றால் வெளியிலிருந்து ஆள் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார்.

அவ்வளவுதான், வீடே அந்தத் தட்டைப் பற்றித்தான் பேசியது. சாப்பிடும்போது தட்டு, துணி மடிக்கும்போது தட்டு. என் வீட்டுக்காரர் தங்கைக்குத் தைரியம் சொல்வார், அப்புறம் தனியாக என்னிடம் வந்து, கொஞ்சம் பார்த்துச் செய் என்பார். பட்டறையில் அதற்கு நேர் எதிர். அண்ணியே அளக்கிறாள், நாத்தனார் தட்டு எங்கே போய்விடும், எல்லாம் வீட்டிலேயே முடித்துக்கொள்வார்கள் என்று முன்கூடத்தில் காதுபடவே பேசிக்கொண்டார்கள். எனக்கு இரண்டு பக்கமும் எரிச்சல். அவளுக்காக ஒரு நூல் அளவுகூட விட்டுக்கொடுப்பதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டதும் நான்தான்.

தட்டு முடிந்து, ராத்திரி முழுக்கக் கல்மேடையில் ஆறி, காலையில் தயாராக இருந்தது. வாங்குகிற கம்பெனியின் ஆய்வாளர் மதியத்துக்கு மேல் வருவதாகத் தகவல். அவருக்கு நாங்கள் வைத்திருக்கிற பெயர் கால்வாசி. கால்வாசிக்கு மேல் ஒரு மயிரிழை போனாலும் கையெழுத்துப் போடாமல் போய்விடுகிற மனிதர். அவர் வருவதற்கு முன்னால் நான் பார்த்துவிட வேண்டும். கதவைச் சாத்தினேன். நாத்தனார் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். தட்டைத் துடைத்து, தூசி ஊதி, மகாராணியின் மேல் மெதுவாக இறக்கி, விளக்கைப் போட்டேன்.

பட்டைகள் வளைந்திருந்தன.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஓரத்தில் விரலால் லேசாக அழுத்தி, பட்டைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று பார்த்தேன். நடுவில் மேடு. வளைவு மூன்றில் ஒரு பங்கு. கால்வாசியைத் தாண்டிவிட்டது.

“மூணுல ஒண்ணு வருது,” என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. ஒரு நிமிஷம்தான். அப்புறம் எங்கள் வீட்டுக் கோபம் வேலை செய்தது. இளவரசியில் வைத்துப் பார்த்தபோது கோடு கோடாக நேராக இருந்ததே, எப்படி வளையும் என்று கேட்டாள். நான் துடைத்ததில் தூசி இருந்திருக்கும் என்றாள். தூசியா, நான் துடைத்ததிலா! திரும்பத் துடைத்து வைத்துக் காட்டினேன். அதே மூன்றில் ஒன்று. அப்படியானால் கை சூடு என்றாள்.

“நீங்க கோவமா இருந்தா உங்க கை கொதிக்குது அண்ணி. கண்ணாடி வீங்காம என்ன பண்ணும்?”

சொன்னது திமிர் என்றாலும் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. விரல் பட்ட இடத்தில் கண்ணாடி சூடேறி உப்பும், பட்டை வளைந்து காட்டும். அதனால் அப்படியே விட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தோம். சூடு ஆறட்டும் என்று காத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன் செய்து, என்ன ஆச்சு என்று கேட்டார். இன்னும் ஆறவில்லை என்றேன். கண்ணாடியா நீயா என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

ஆறின பிறகும் மூன்றில் ஒன்றுதான்.

இப்போது எனக்கு நிஜமாகவே கோபம் ஏறிவிட்டது. இளவரசியோடு நேராக வந்தது என்று அவள் சொன்னதை நான் நம்பவில்லை. அவசரத்தில் சரியாகப் பார்த்திருக்க மாட்டாள், அதையும் காட்டிவிட்டால் வாயை மூடுவாள் என்று, இளவரசியை வரவழைத்து அவளுடைய தட்டை அதன் மேல் வைத்தேன். பட்டைகள் நேர்கோடு. ஒரு வளைவு இல்லை. சரி, இளவரசிதான் எங்கேயோ அடிபட்டுக் கெட்டுப்போயிருக்கிறாள் என்று அவளை எடுத்து மகாராணியின் மேல் வைத்தேன். அதுவும் நேர்கோடு.

மூன்றையும் மேடையில் வரிசையாக எடுத்து வைத்தேன்.

“மகாராணிக்கும் இளவரசிக்கும் ஒத்துப்போகுது. இளவரசிக்கும் என் தட்டுக்கும் ஒத்துப்போகுது. அப்புறம் மகாராணிக்கு மட்டும் என் தட்டு என்ன பாவம் பண்ணிச்சு?” என்று கேட்டாள் நாத்தனார். அவள் குரல் உடைந்திருந்தது.

பதில் தெரியாதபோது நான் என்ன செய்வேனோ அதைச் செய்தேன், கத்தினேன். மகாராணி சொல்வதுதான் கடைசிப் பேச்சு, மறுபடி மெருகு போடு, கால்வாசியிடம் இன்னொரு நாள் கேட்டுக்கொள்ளலாம் என்றேன். இன்னொரு நாள் கிடையாது, முதலாளி இன்றைக்கே முடிவு சொல்லிவிடுவார் என்றாள். அது எனக்கும் தெரியும்.

சாப்பாட்டு வேளை. முன்கூடத்து மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சாப்பிட்டோம். அவள் பாதிகூடச் சாப்பிடவில்லை. டப்பாவைத் தள்ளிவிட்டு எழுந்து போனாள். கழுவி எடுத்து வைக்கிற வேலை என் தலையில். கரண்டிகளை ஒன்றின் மேல் ஒன்று போட்டு டப்பாவுக்குள் திணித்து மூடினால், மூடி மூடவே மாட்டேன் என்கிறது. ஆத்திரத்தில் அழுத்தினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. திறந்து பார்த்தால் இரண்டு கரண்டி முதுகோடு முதுகு ஒட்டிக் கிடக்கிறது, எங்களைப் போலவே முறைத்துக்கொண்டு. ஒன்றைத் திருப்பினேன். அதன் குழிக்குள் இன்னொன்றின் முதுகு போய் நன்றாகப் பொருந்தி உட்கார்ந்தது.

அங்கேயே நின்றுவிட்டேன். அதை எடுத்துவிட்டு மூன்றாவது கரண்டியை அதே குழியில் வைத்தேன், அதுவும் பொருந்தியது. பொருந்திய இரண்டையும் எடுத்து முதுகோடு முதுகு வைத்தேன். ஆடியது.

எனக்குத் தூக்கி வாரிப்போட்டது. மகாராணிக்கு முதுகு இருந்தால்? கொஞ்சூண்டு, கண்ணுக்குத் தெரியாத மேடு? அவளுக்குப் பொருந்துகிற மாதிரி செய்த இளவரசிக்கு அதே அளவு பள்ளம் விழுந்திருக்கும். வைத்துப் பார்த்தால் மேடும் பள்ளமும் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பட்டைகள் நேராகத்தான் தெரியும். அந்தப் பள்ளத்துக்குப் பொருந்துகிற மாதிரி நாத்தனார் தேய்த்த தட்டுக்கு மகாராணியின் மேடு அச்சாக அப்படியே வந்திருக்கும். மேட்டையும் மேட்டையும் சேர்த்து வைத்தால் இரண்டு மேடும் சேர்ந்துதானே பட்டையை வளைக்கும்? மூன்றில் ஒன்று என்பது இரண்டு பேருடைய பங்கு. அவளுடையது அதில் பாதிதான். ஆறில் ஒன்று. கால்வாசிக்குள் ஜம்மென்று அடங்கிவிடும்.

சந்தோஷப்பட வேண்டியவள் நான். ஆனால் உள்ளதைச் சொல்கிறேன், முதலில் அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. என் மகாராணி! எத்தனை பேர் தட்டை அவளை வைத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இதுவரை விற்பனைக்குச் செய்ததெல்லாம் உள்ளங்கை அளவு துண்டுகள், அத்தனை சின்ன அகலத்தில் இந்த மேடு தெரியவே தெரியாது, அதனால் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை. புத்திக்கு அது உடனே புரிந்தது. மனசுக்குத்தான் புரியவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் இது யாருக்கும் தெரியப்போவதில்லை என்றும் ஒரு எண்ணம் வந்து எட்டிப் பார்த்தது. அதைத் துரத்திவிட்டு நாத்தனாரைத் தேடிப் போனேன்.

பெரிய மெஷின் அறையில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தனக்குக் கிடைக்காது என்று தெரிந்த மெஷினை யாராவது அப்படித் துடைப்பார்களா? அவள் கையில் மூன்று கரண்டியையும் கொடுத்தேன். பொருத்திப் பார் என்றேன். திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தவள், சட்டென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

“அப்ப மகாராணிக்குக் கூனா?”

“லேசா,” என்றேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு முதலில் சுர்ரென்று ஏறியது, அப்புறம் நானும் சிரித்துவிட்டேன். முன்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இவர்களுக்கு என்ன வந்தது என்கிற மாதிரி திரும்பிப் போனார்கள். சிரித்து முடித்ததும்தான் அவளுக்குப் பயம் வந்தது. கால்வாசி இதையெல்லாம் நம்புவாரா? அளக்கிறவள் அண்ணி, அளக்கப்படுகிறது நாத்தனாருடைய தட்டு, தட்டு தேறவில்லை என்றதும் அளவுகோலே கோணல் என்று சொன்னால் கேட்கிறவர் என்ன நினைப்பார்? எனக்கும் அதுதான் கவலை.

கால்வாசி சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான மனிதர். டீ கொடுத்தால் வேலை முடிந்த பிறகு என்பார், நாற்காலி போட்டால் நின்றுகொண்டே பார்ப்பார். முதலாளியும் கூடவே வந்து கதவோரம் நின்றார். வழக்கம்போல மகாராணியின் மேல் தட்டை வைத்து விளக்கைப் போட்டுக் கொடுத்தேன். குனிந்து பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தார். நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

“சார், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்,” என்றேன். “நீங்க பாத்த வளைவு முழுசும் அந்தத் தட்டுல இல்ல. பாதி எங்க மகாராணியோடது.”

முதலாளியின் கண்கள் அகலமாகத் திறந்துகொண்டன. கால்வாசி என்னையும் பார்த்தார், ஓரமாக நின்றவளையும் பார்த்தார்.

“இவங்க உங்களுக்குச் சொந்தமா?”

“என் நாத்தனார் சார்.”

“அப்ப நீங்க சொல்றத நான் எப்படி எடுத்துக்கறது?”

“எடுத்துக்கவே வேணாம். நான் தள்ளி நிக்கறேன். நீங்களே மூணையும் மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க.”

சொல்லிவிட்டு நிஜமாகவே தள்ளிப் போய் நின்றேன். என் அறையில், என் மேடையில், இன்னொருவர் மகாராணியைத் தூக்குவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மனிதர் நல்ல கை. ஓரத்தை மட்டும் பிடித்தார், தூசியை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டினார். மகாராணியும் இளவரசியும், நேர்கோடு. இளவரசியும் புதுத் தட்டும், நேர்கோடு. மகாராணியும் புதுத் தட்டும், மூன்றில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டுப் பார்த்தார். முதலாளி அதற்குள் இரண்டு தடவை வெளியே போய்விட்டு வந்தார்.

கடைசியில் மகாராணியின் சான்றிதழைக் கேட்டார். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார்.

“கால்வாசிக்குள்ளன்னுதான போட்டிருக்காங்க. சுத்தமா தட்டைன்னு யாரு சொன்னது?”

“நான்தான் சார் சொல்லிட்டிருந்தேன்,” என்றேன்.

சான்றிதழ் பொய் சொல்லவில்லை. மகாராணியும் பொய் சொல்லவில்லை. கால்வாசிக்குள் என்பதை நான்தான் ஒன்றுமேயில்லை என்று படித்துவிட்டேன். அவளும் தேறினவள்தான், நாத்தனார் தட்டும் தேறினதுதான், ஆளுக்கு ஆறில் ஒன்று. கால்வாசி அப்படியே எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, இப்போது டீ குடிக்கலாம் என்றார்.

முதலாளி சுருக்கமான ஆள். நாத்தனாரைப் பார்த்து, மெஷின் உன்னுடையது என்று மட்டும் சொன்னார். அவள் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டாள். பவுடர் கையோடு கட்டிக்கொண்டாள், என் சேலை முழுக்க வெள்ளை. நான் அதைத் தட்டிவிடவில்லை. உடனே அண்ணனுக்குப் போன் போட்டாள். அவர் எந்த லிஃப்ட்டுக்குள் இருந்தாரோ, சந்தோஷத்தில் போட்ட சத்தம் எனக்குக்கூடக் கேட்டது.

அத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டீயைக் குடித்துக்கொண்டே கால்வாசி அடுத்த ஆர்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர்களுக்கு இன்னும் தட்டையான தட்டு வேண்டுமாம், பட்டையில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் வளையக் கூடாதாம். ஆறில் ஒன்று கூனோடு இருக்கிற மகாராணியை வைத்து அதை அளக்க முடியாது என்பது அவர் சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். வழி ஒன்றுதான். புதிதாக ஒரு தட்டைச் செய்து, மகாராணி, இளவரசி, புதுத் தட்டு என்று மூன்றையும் ஒன்றோடொன்று மாற்றி மாற்றித் தேய்க்க வேண்டும். எந்த இரண்டை எடுத்து வைத்தாலும் பொருந்துகிற வரைக்கும் விடக் கூடாது. மூன்றும் அப்படிப் பொருந்திவிட்டால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் அங்கே இடமே இருக்காது. சரியான வழிதான். ஆனால் அதற்கு மகாராணி மெஷினில் படுக்க வேண்டும், அவள் முகத்தில் பவுடர் விழ வேண்டும். ஒரு கீறல் விழுந்தால் தீர்ந்தது.

புதுத் தட்டு தயாராகிற வரை நான் அதைப் பற்றிப் பேசவில்லை. நாத்தனாரும் கேட்கவில்லை. வீட்டில் இருவரும் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொண்டோம். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துப் பயந்து, நீங்கள் சண்டை போட்டால்கூடத் தேவலை என்றார்.

அந்தக் காலையும் வந்தது. மகாராணியைப் பெட்டியிலிருந்து எடுத்து, நானே தூக்கிக்கொண்டு மெஷின் அறைக்குப் போனேன். மெஷின் கழுவித் தயாராக இருந்தது. நாத்தனார் என் கையில் இருந்ததைப் பார்த்ததும் ஓரடி பின்னால் போனாள். ஆசைப்பட்ட மெஷின் கிடைத்து, எல்லோர் முன்னாலும் ஜெயித்து, முன்கூடத்தில் தலை நிமிர்ந்து நடக்கிறவள், இப்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறாள்.

“அண்ணி, இது வேணாம். எனக்குப் பயமா இருக்கு. மத்ததெல்லாம் நான் பண்றேன், இத மட்டும் முதலாளிகிட்ட சொல்லி வெளியிலேர்ந்து யாரையாவது கூப்பிடச் சொல்லுங்க.”

“எனக்கும்தான் பயமா இருக்கு,” என்றேன். “ஆனா வேற யாரு கையிலயும் நான் இவள குடுக்க மாட்டேன்.”

அவள் கைகளை முன்னால் கொண்டுவந்து, முந்தானையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, மகாராணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். மெஷினில் படுக்க வைத்து, நீர் தெளித்து, பவுடரைக் கரைத்து ஊற்றினாள். ஓடவிட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.